பிரமுகர் வருகையும் லட்சத்தீவுச் சுற்றுலாவும்

ஓர் ஊரின் பெயரை உலகுக்கு அறிவிக்கும் ஆற்றல் புகழ்பெற்ற மனிதர்களுக்கு எப்போதும் உண்டு. அரசியல் தலைவர் ஒருவர் ஓய்வெடுத்த கடற்கரை, திரைப்பட நடிகர் ஒருவர் நீந்திய விரிகுடா, ஓவியர் ஒருவர் குடியிருந்த சிற்றூர் ஆகியவை சில மாதங்களிலேயே பயணிகளின் கனவிடங்களாகிவிடுகின்றன. நிலப்பரப்பில் உள்ள ஊர்கள் இத்தகைய திடீர்ப் புகழை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். கூட்டம் பெருகினால் பக்கத்து ஊரில் விடுதி எழும். தண்ணீர் குறைந்தால் தொலைவிலிருந்து குழாய் வரும். நாற்புறமும் கடல் சூழ்ந்த சிறு தீவுக்கு இந்த வசதிகள் இல்லை. அதன் நிலமும் நீரும் அளவுக்குட்பட்டவை. ஆகவே புகழ்பெற்றோர் வருகையால் தீவுச் சுற்றுலா எவ்வாறு உருப்பெறுகிறது என்னும் கேள்வி, ஆர்வத்துக்குரிய செய்தி என்பதோடு நில்லாமல் திட்டமிடுவோர் ஆராய வேண்டிய பொருளாதாரப் பிரச்சினையாகவும் விளங்குகிறது.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு அரபிக் கடலில் உள்ள லட்சத்தீவாகும். 36 ஆண்டு இடைவெளியில் இரண்டு பிரதமர்களின் வருகைகள் இத்தீவுக் கூட்டத்தின்மீது நாட்டின் பார்வையைத் திருப்பின. முதலாவது 1987-88 புத்தாண்டு வேளையில் நிகழ்ந்தது. இரண்டாவது 2024 ஜனவரியில் நிகழ்ந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால், பிரமுகரின் வருகை எதைச் செய்யவல்லது, எதைச் செய்ய இயலாது என்பது தெளிவாகும்.

தீவுகளின் இயல்பு

லட்சத்தீவு 36 தீவுகளைக் கொண்டது. அவற்றின் மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மக்கள் நிலையாக வாழும் தீவுகள் பத்து. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 64,473 பேர் வாழ்ந்தனர். அதாவது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கும் மேல். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் பழங்குடியினர் பட்டியலைச் சேர்ந்தவர்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் மத்திய ஆட்சிப் பகுதியாக அமைக்கப்பட்ட இத்தீவுகளுக்கு 1973இல் லட்சத்தீவு என்னும் பெயர் சூட்டப்பட்டது. தலைநகரம் கவரத்தி.

நிலப்பரப்பு சிறிதாயினும், தீவுகளை அணைத்து நிற்கும் காயல்கள் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்புடையவை. பவழப் பாறைகள் அரண்போல் வளைந்து நிற்க, அவற்றுக்குள் அலையடங்கிக் கிடக்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பே காயலாகும். புகைப்படங்களில் காணும் நீலப்பச்சை நிறம் இதற்கே உரியது. தென்னையும் சூரை மீனும் தீவு மக்களின் வாழ்வாதாரங்கள். தமிழகத்தின் தென்கடற்கரையிலும் இலங்கையிலும் இல்லந்தோறும் அறியப்பட்ட மாசி, இக்கடற்பகுதியின் சூரை மீனைப் பதப்படுத்திப் பெறப்படுவதே.

வெளியார் இத்தீவுகளுக்குள் விருப்பம்போல் நுழைய இயலாது. 1967ஆம் ஆண்டின் விதிகள் அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்குகின்றன. பழங்குடி மக்களின் நிலத்தையும் வாழ்க்கை முறையையும் காப்பதற்காக ஏற்பட்ட இவ்விதிகள், காலப்போக்கில் சுற்றுலாவின் அளவை வரையறுக்கும் கருவியாகவும் பயன்பட்டு வந்துள்ளன.

முதல் வருகை: பங்காரம், 1987-88

1987 டிசம்பர் இறுதியிலிருந்து 1988 ஜனவரி முதல் வாரம் வரை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தம் குடும்பத்தினருடன் பங்காரம் தீவில் விடுமுறையைக் கழித்தார். நடிகர் அமிதாப் பச்சன் குடும்பத்தினரும் விருந்தினர்களாக வந்திருந்தனர். அதுவரை மாலுமிகளும், தேங்காய் பறிக்க அகத்தியிலிருந்து சென்றுவந்த தொழிலாளரும் மட்டுமே அறிந்திருந்த இந்த ஆளற்ற தீவின் பெயர், சில நாட்களுக்குள் நாடெங்கும் செய்தித்தாள்களின் முதற்பக்கத்தில் இடம்பெற்றது. அவ்விடுமுறைக்கான ஏற்பாடுகள் குறித்து அப்போதே எழுந்த விவாதம் பின்னரும் ஓயவில்லை. சுற்றுலாவை ஆராய்வோருக்கு அவ்விவாதத்தினும் முக்கியமானது, அதைத் தொடர்ந்து பங்காரத்தில் என்ன நேர்ந்தது என்பதே.

இவ்வருகைக்கு முன்னரே அடித்தளம் ஓரளவு இடப்பட்டிருந்தது. 1982இல் இயற்கைச் சுற்றுலாவையும் நீர் விளையாட்டுகளையும் வளர்ப்பதற்காக நிருவாகம் ஒரு சங்கத்தை நிறுவியிருந்தது. கப்பலிலேயே பயணிகளைத் தங்க வைத்து, பகலில் தீவுகளைக் காட்டி, இரவில் மீண்டும் கப்பலுக்கு அழைத்துச் செல்லும் முறையை அது கையாண்டது. தீவின் நிலத்தையும் நீரையும் அதிகம் நாடாத முறை இது. 1986இல் பிரதமரின் தலைமையில் தீவுகள் வளர்ச்சி ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. அகத்தியில் விமானத் தளம் அமைக்கும் பணியும் நடைபெற்று, 1988 ஏப்ரல் 16ஆம் நாள் சிறிய டோர்னியர் விமானங்களுக்காக அது திறந்து வைக்கப்பட்டது.

பிரமுகரின் வருகையும் விமானத் தளத்தின் திறப்பும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்தமை குறிப்பிடத்தக்கது. புகழ் விருப்பத்தைத் தந்தது. ஓடுதளம் வழியைத் தந்தது. 1980களின் இறுதியில் கொச்சியைச் சேர்ந்த கேசினோ ஓட்டல் குழுமம் பங்காரத்தில் விடுதியை ஏற்று நடத்தத் தொடங்கியது. ஓலை வேய்ந்த எளிய குடில்களும், தொலைக்காட்சியும் குளிரூட்டியும் இல்லாத அமைதியுமே அதன் சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டன. மதுவிலக்கு நிலவும் லட்சத்தீவில் பங்காரத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. வெளிநாட்டார் தங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட மிகச் சில தீவுகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

ஆக, முதல் வருகையின் விளைவாக உருப்பெற்றது ஒரு சிறு வட்டத்துச் சுற்றுலா. வசதி படைத்த சிலர் விமானத்தில் அகத்திக்கு வந்து, படகேறிப் பங்காரம் சென்று, மக்கள் வாழும் தீவுகளைத் தொடாமலே திரும்பினர். இதனால் தீவு மக்களின் பண்பாட்டுக்கும் கிணறுகளுக்கும் பெருஞ்சுமை ஏற்படவில்லை. அதே காரணத்தால், அவர்களுக்குக் கிடைத்த வருவாயும் வேலைவாய்ப்பும் மிகச் சிலவாகவே இருந்தன. ஒப்பந்தக் காலம் முடிவுற்றதைத் தொடர்ந்து எழுந்த வழக்குக்குப் பின், 2010களின் தொடக்கத்தில் அக்குழுமம் பங்காரத்தை விட்டு வெளியேறியது. அதன்பின் அத்தீவின் புகழும் மங்கியது. ஒரு பெரிய வருகையின் நினைவு மட்டும் ஒரு சுற்றுலாத் தலத்தைத் தொடர்ந்து வாழ வைக்காது என்பதை இது காட்டியது.

பாலித் தீவின் படிப்பினை

புகழுக்கும் போக்குவரத்துக்கும் உள்ள இத்தொடர்பு லட்சத்தீவுக்கு மட்டும் உரியதன்று. புகழ்பெற்ற விருந்தினர்களால் உலகறிந்த தீவுகளுள் முதன்மையானது இந்தோனேசியாவின் பாலி. அதன் வரலாறு இதனை மேலும் விளக்குகிறது.

1920களில் டச்சுக் கப்பல் கம்பெனி ஒன்று அத்தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. 1928இல் தென்பசாரில் அதன் விடுதி திறக்கப்பட்டது. 1927இல் இரவீந்திரநாத தாகூர் அங்குச் சென்றார். ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ் உபுது என்னும் சிற்றூரில் குடியேறி, வந்த விருந்தினர்களையெல்லாம் வரவேற்றார். 1932இல் திரைப்படக் கலைஞர் சார்லி சாப்ளின் வந்தார். மெக்சிகோ நாட்டு ஓவியர் மிகுவேல் கோவர்ரூபியாஸ் பாலியைப் பற்றி எழுதிய நூல் 1937இல் வெளியாகி அத்தீவை மேலைநாட்டவரின் கற்பனையில் நிலைபெறச் செய்தது.

இத்தனை புகழ் இருந்தும், 1930களில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரே பாலிக்குச் சென்றனர். கப்பலில் இடம் அவ்வளவுதான். 1969இல் ஜெட் விமானங்கள் இறங்கவல்ல பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகே பெருந்திரள் பயணம் தொடங்கியது. 2019இல் பாலிக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 60 இலட்சத்தைத் தாண்டினர். சாப்ளின் காலத்தில் விளைந்த ஆசை, ஓடுதளத்துக்காக ஏறத்தாழ 37 ஆண்டுகள் காத்திருந்தது எனலாம்.

அவ்வாசை நிறைவேறியபோது அதற்கான விலையும் தெரியவந்தது. பாலியின் புகழுக்குக் காரணமான படிக்கட்டு வயல்களும், அவற்றுக்கு நீர் பகிரும் சுபக் என்னும் உழவர் கூட்டுறவு முறையும் நெருக்கடிக்கு உள்ளாயின. 2012இல் யுனெஸ்கோ அம்முறையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் தீவின் தென்பகுதியில் வயல்கள் விடுதிகளாக மாறுவதும், நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதும் தொடர்ந்தன. வெளிநாட்டுப் பயணிகளிடமிருந்து தலைக்கு 1,50,000 ரூப்பியா வீதம் தீர்வை பெறும் முறையைப் பாலி மாநில அரசு 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தது. கூட்டம் வந்த பின் கட்டுப்பாட்டை நாடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்றாகும்.

இரண்டாம் வருகை: 2024 ஜனவரி

2024 ஜனவரி 2, 3 ஆகிய நாட்களில் பிரதமர் நரேந்திர மோடி அகத்திக்கும் கவரத்திக்கும் சென்று, 1,150 கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்புள்ள வளர்ச்சிப் பணிகளைத் தொடங்கியும் அடிக்கல் நாட்டியும் வைத்தார். கொச்சியிலிருந்து கடலுக்கடியில் இடப்பட்ட ஒளியிழை வடமும், கடமத் தீவில் நாளொன்றுக்கு 1.5 இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையமும் அவற்றுள் அடங்கும். கடற்கரையில் நடந்ததும், மூச்சுக்குழாய் அணிந்து நீந்தியதுமான அவருடைய படங்கள் சமூக ஊடகங்கள் வழியாகச் சில மணி நேரத்தில் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தன.

இதைத் தொடர்ந்து மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் வெளியிட்ட இழிவான கருத்துகள் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. ஜனவரி 7ஆம் நாள் அந்நாட்டு அரசு அவர்களைப் பணியிடை நீக்கம் செய்தது. திரைப்பட நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் இந்தியத் தீவுகளையும் கடற்கரைகளையும் காண வருமாறு அழைப்பு விடுத்தனர். பயண ஏற்பாட்டு நிறுவனம் ஒன்று மாலத்தீவுக்கான விமானப் பதிவுகளை நிறுத்தி வைத்தது. மற்றொரு நிறுவனம், தன் தளத்தில் லட்சத்தீவைப் பற்றிய தேடல் 3,400 விழுக்காடு பெருகியதாக அறிவித்தது. 1988இல் செய்தித்தாள் வாசகரின் வியப்போடு நின்ற ஆர்வம், 2024இல் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பயணச்சீட்டுக்கான தேடலாக மாறிவிட்டது.

இந்த ஆர்வத்தின் விளைவை இரு கோணங்களில் காணலாம். மாலத்தீவுக்கு 2023இல் சென்ற இந்தியப் பயணிகள் சுமார் 2.09 இலட்சம் பேர்; அவ்வாண்டில் அந்நாட்டுக்கு மிக அதிகமாகப் பயணிகளை அனுப்பியது இந்தியாவே. 2024இல் அத்தொகை சுமார் 1.3 இலட்சமாகக் குறைந்தது. ஆயினும் பிற நாட்டவர் வருகை பெருகியதால், அந்நாட்டின் மொத்தப் பயணிகள் 2024இல் 20 இலட்சத்தைக் கடந்தனர். மாலத்தீவுக்குச் செல்லாதவர்களெல்லாம் லட்சத்தீவுக்கு வந்துவிடவும் இல்லை. வர விரும்பினாலும் அதற்கு இடமில்லை. 2010களில் ஆண்டுக்குச் சில ஆயிரம் முதல் பத்தாயிரம் பயணிகள் வரையே கண்ட தீவுகள் அவை.

ஆர்வம் ஏன் அப்படியே பயணமாகவில்லை?

முதற்காரணம் போக்குவரத்து. அகத்தியின் ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர் நீளமே உடையது. குறுகி நீண்ட அத்தீவில் இருபுறமும் கடல். ஆகவே ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களே அங்கு இறங்க இயலும். 2024இல் பெங்களூரிலிருந்து புதிய சேவை தொடங்கப்பட்டபோதும் சிறு விமானமே பயன்படுத்தப்பட்டது. கொச்சியிலிருந்து கப்பலில் செல்வதற்கு, சேரும் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் ஆகும். பெரிய கப்பலான எம்.வி. கவரத்தியில் 700 பேர் செல்லலாம். ஆனால் இக்கப்பல்கள் சுற்றுலாவுக்காக மட்டும் ஓடுவன அல்ல. மருத்துவத்துக்காகவும் மேற்படிப்புக்காகவும் வணிகத்துக்காகவும் கொச்சிக்குச் செல்லும் தீவு மக்களின் உயிர்நாடி அவை. சுற்றுலாப் பயணிக்கு ஒதுக்கப்படும் ஒவ்வொரு படுக்கையும் ஒரு நோயாளியின் அல்லது ஒரு மாணவரின் இடமாக இருக்கக்கூடும் என்பதைத் திட்டமிடுவோர் மறக்கலாகாது.

இரண்டாவது காரணம் இடவசதி. மாலத்தீவில் சுமார் 1,190 தீவுகள் உள்ளன. 1972இல் அங்கு முதல் விடுதி தொடங்கப்பட்டது முதல், மக்கள் வாழாத ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்னும் முறை பின்பற்றப்பட்டது. 36 தீவுகளே கொண்ட லட்சத்தீவில் அம்முறையை அப்படியே எடுத்தாள இயலாது. மக்களற்ற தீவுகள் பலவும் மணல் திட்டுகளே. இருப்பினும் புதிய முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. 2017இல் மத்திய அரசு தீவுகள் மேம்பாட்டு முகமையை அமைத்தது. மினிக்காய், கடமத், சுஹேலி ஆகியவை நீர்மேல் குடில்கள் அமையவிருக்கும் இடங்களாகத் தெரிவு செய்யப்பட்டன. சுஹேலியிலும் கடமத்திலும் தலா 110 அறைகள் கொண்ட தாஜ் விடுதிகள் அமையும் என்று 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இந்த அறிவிப்பு பிரதமரின் வருகைக்கு ஓராண்டு முன்னதாகவே வந்தது என்பது கருதத்தக்கது. புகழ் வெளிச்சம் பாய்வதற்கு முன்பே மூலதனம் தன் பாதையை வகுத்துக்கொள்கிறது. பிரமுகரின் வருகை அப்பாதையில் நடையை விரைவுபடுத்துகிறது.

படத்தில் தெரியாத கிணறு

மூன்றாவதும் மிக முக்கியமானதுமான வரம்பு நன்னீராகும். பவழத் தீவில் ஆறோ ஏரியோ இல்லை. ஆண்டுதோறும் சுமார் 1,600 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழை மணலில் இறங்கி, கடல்நீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், மூக்குக்கண்ணாடியின் வில்லையைப் போன்று இந்நீர் அமைந்திருப்பதால் அறிவியலார் இதனை நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 சென்டிமீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சத்துக்குரியது. மேற்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கும் அளவுக்கு நீரை இறைத்தால், அடியிலிருந்து உப்புநீர் 40 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். கழிவுநீர்த் தொட்டியும் கிணறும் அருகருகே அமையும் நெருக்கமான தீவில், உப்பேறாத நீரும் மாசுபடுவதற்கு அதிக நாள் பிடிக்காது.

இதற்குத் தீர்வு காணும் பணியில் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் சிறப்பான பங்காற்றியுள்ளது. கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 28 பாகை வெப்பத்திலும், சுமார் 350 மீட்டர் ஆழத்து நீர் ஏறத்தாழ 12 பாகை வெப்பத்திலும் உள்ளது. மேற்பரப்பு நீரைக் காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அறைக்குள் செலுத்தினால் அதில் ஒரு பகுதி ஆவியாகும். அந்த ஆவியை ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டு குளிர்வித்தால் நன்னீர் கிடைக்கும். இம்முறையில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் தரும் நிலையம் 2005இல் கவரத்தியில் இயங்கத் தொடங்கியது. 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும் நிலையங்கள் அமைந்தன. கடமத் நிலையம் 2024இல் தொடங்கி வைக்கப்பட்டதும் இவ்வரிசையில் சேர்ந்ததே.

கவரத்தியின் மக்கள்தொகை 2011இல் 11,000க்குச் சற்று மேல். ஒரு இலட்சம் லிட்டரைப் பகிர்ந்தால் ஒருவருக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு ஒன்பது லிட்டரே. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் இது போதும். குளிக்கவும் துவைக்கவும் கிணற்றையே நாட வேண்டும். 110 அறைகள் கொண்ட ஒரு விடுதியில் அறைக்கு இருவர் வீதம் 220 பேர் தங்கி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 லிட்டர் தேவை எனக் கொண்டால் 66,000 லிட்டர் செலவாகும். அதாவது, கவரத்தி மக்கள் அனைவருக்கும் அந்நிலையம் வழங்கும் நீரில் மூன்றில் இரு பங்கு. ஆகவே பெரிய விடுதி ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய நீரைக் கடலிலிருந்தே பெற்றுக்கொள்ள வேண்டும், தீவின் கிணறுகளை நாடலாகாது என்பது மறுக்க இயலாத விதியாக வேண்டும். 2024 வருகையின்போது கடற்கரைப் படங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. கடமத் குடிநீர் நிலையம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. தீவின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது பின்னதே.

பவழத்தின் நலிவு

பயணிகள் காண வருவது பவழத்தை. அதன் நிலை கவலைக்குரியது. கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடாகும்போது பவழ உயிரிகள் தமக்கு உணவளிக்கும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிப் போகின்றன. வெப்பம் நீடித்தால் மடிகின்றன. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவில் இத்தகைய வெளிறல் நேர்ந்தது. உயிருள்ள பவழத்தின் பரப்பு 1998இல் சுமார் 37 விழுக்காடாக இருந்து, 2022இல் சுமார் 19 விழுக்காடாகக் குறைந்துவிட்டதாக நீண்டகால ஆய்வு ஒன்று தெரிவிக்கிறது. பிரதமரின் வருகையால் ஆர்வம் பொங்கிய அதே 2024இல்தான், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் லட்சத்தீவில் பரவலான வெளிறலைப் பதிவு செய்தது.

பவழம் அழிந்தால் இழப்பு காட்சியோடு முடிவதில்லை. அலையின் வேகத்தைத் தடுத்துக் கரையைக் காப்பதும், மணலை உண்டாக்குவதும் பவழமே. பங்காரத்தை உள்ளடக்கிய அதே பவழ வளையத்தில் இருந்த பரளி-1 என்னும் சிறுதீவு 1968இல் 0.032 சதுர கிலோமீட்டர் பரப்புடையதாக இருந்தது. அது முற்றிலும் அரிக்கப்பட்டு மறைந்துவிட்டதை 2017இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. மீனவரும் பவழத்தையே நம்பியுள்ளனர். கழியில் தூண்டில் கட்டிச் சூரை பிடிக்கும் முறைக்கு உயிருள்ள சிறுமீன்கள் இரையாகத் தேவை. அவை காயலிலும் பவழத்தைச் சார்ந்துமே கிடைக்கின்றன. நங்கூரம் இறக்கும் படகும், பவழத்தின்மேல் நிற்கும் நீச்சல் பயணியும், கழிவுநீரைக் காயலில் விடும் விடுதியும் வெப்பத்தால் நலிந்த பவழம் மீண்டெழுவதைத் தடுப்பர்.

கட்டுப்பாடு பயன் தருமா என்பதற்குத் தாய்லாந்து விடை கூறுகிறது. லியனார்டோ டி காப்ரியோ நடித்து 2000இல் வெளிவந்த ஒரு திரைப்படம், பீ பீ லே தீவிலுள்ள மாயா விரிகுடாவை உலகப் புகழ் பெறச் செய்தது. நாளொன்றுக்கு 5,000 பேர் வரை அச்சிறு கடற்கரையில் குவிந்தனர். பவழத்தின் பெரும்பகுதி அழிந்தது. 2018 ஜூனில் அரசு அதனை மூடிப் பவழத்தை நட்டு வளர்த்தது. கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழைவது தடை செய்யப்பட்டு, ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்னும் வரையறையும் விதிக்கப்பட்டது. ஒரு நடிகரின் புகழ் ஏற்படுத்திய சேதத்தைச் சீர்செய்ய மூன்றரை ஆண்டுகள் கடற்கரையை மூட வேண்டியிருந்தது. வேறு கடற்கரைகள் பல உள்ள நாட்டுக்கு இது இயலும். 32 சதுர கிலோமீட்டரில் வாழும் மக்களுக்கு மூடிவைக்கத் தனியே ஒரு கடற்கரை ஏது?

மக்களின் குரல்

லட்சத்தீவுக்கு நெறிமுறைகள் இல்லாமலில்லை. அகத்தியில் விடுதி ஒன்று தொடர்பான வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. இரவீந்திரன் தலைமையில் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழுவின் பரிந்துரைகளைத் தழுவி, தீவுகளுக்கான ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் 2015இல் அறிவிக்கப்பட்டது. வளர்ச்சிப் பணிகள் அறிவியல் வரம்புக்குள் அமைய வேண்டும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து நிறைவேற்றப்பட வேண்டும் என்பவை அக்குழு வலியுறுத்திய கருத்துகள்.

அக்கலந்தாய்வின் இன்றியமையாமையை 2021ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் உணர்த்தின. தீவுகளில் நிலத்தைத் திட்டப் பணிகளுக்குப் பெறுவது தொடர்பான வரைவு ஒழுங்குமுறை வெளியானபோது, பரம்பரை நிலம் கைவிட்டுப் போகுமோ என்னும் அச்சத்தால் தீவு மக்கள் கடுமையாக எதிர்த்தனர். சுற்றுலாவால் வருவாய் பெருகும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். கல்வியறிவில் நாட்டின் முன்னணியில் நிற்கும் அம்மக்கள் கேட்பது, அவ்வருவாய் யாருக்குச் சேரும், அதற்கான விலையை யார் கொடுப்பர் என்பதே. தீவினரின் வீடுகளில் தங்கும் முறை, தீவு இளைஞர்களுக்கு நீர்மூழ்கல், படகோட்டுதல், விடுதி மேலாண்மை ஆகியவற்றில் பயிற்சி, விடுதிகளுக்கு வேண்டிய மீனையும் தேங்காயையும் உள்ளூர்க் கூட்டுறவுகளிடமிருந்தே கொள்முதல் செய்தல் ஆகியவற்றின் வாயிலாக இக்கேள்விக்கு விடை காணலாம்.

செய்ய வேண்டுவன

இரு வருகைகளின் வரலாறும் பிற தீவுகளின் அனுபவமும் சில முடிவுகளுக்கு இட்டுச்செல்கின்றன. புகழ்பெற்றோரின் வருகை ஒரு தீவுக்கு விளம்பரம் தரும். அவ்விளம்பரம் எவ்வகைச் சுற்றுலாவாக மாறும் என்பதை ஓடுதளமும் கப்பலும் அனுமதி விதியும் குடிநீரும் நிலவுரிமையுமே முடிவு செய்யும். எனவே ஒவ்வொரு தீவும் ஒரு நாளில் எத்தனை பயணிகளைத் தாங்கும் என்னும் எண்ணிக்கையை முதலில் வரையறுத்து, அதனை மக்கள் அறிய வெளியிட வேண்டும். அனுமதிச் சீட்டு முறையை அவ்வெண்ணிக்கையோடு இணைக்க வேண்டும். குடிநீர் நிலையமும் கழிவு நீக்கமும் முடிந்த பின்னரே அறைகள் கட்டப்பட வேண்டும். கப்பல்களில் தீவு மக்களுக்கான இடம் எக்காரணத்தாலும் குறையலாகாது. வெளிறல் நேரும் ஆண்டுகளில் பவழப் பகுதிகளுக்கு ஓய்வளிக்கும் விதியும் வேண்டும்.

பிரமுகர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கடற்கரையில் எடுத்த படத்தோடு, அத்தீவின் நீர்ச் சிக்கனத்தையும் அனுமதி விதியையும் ஒரு வரியில் அவர்கள் குறிப்பிட்டால், அவ்வரி பல அரசு அறிவிப்புகள் செய்யாத பணியைச் செய்யும். அடுத்த பிரமுகர் எப்போது வருவார் என்பதை எந்தத் திட்டமும் முன்கூட்டிக் கூற இயலாது. அவர் வந்து சென்ற மறுநாள் பெருகும் கூட்டத்துக்கு எவ்வளவு இடம் தரலாம் என்பதை அதற்கு முன்பே கணித்து வைப்பது மட்டும் திட்டமிடுவோரின் கையில் உள்ளது. மழை கடலின்மேல் மிதக்கவிட்டுச் சென்ற நன்னீரை எவ்வளவு காலம் இனிதாக வைத்திருக்க முடியும் என்பது அக்கணிப்பைப் பொறுத்தே அமையும்.